காசியில் படி குறைந்த ஓர் அறை

தேசூரில் நெசவாளர் வீட்டுக்காரர்கள் வெளியூர் போக நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது தறியை. ஏற்றிய பாவு பாதியில் நிற்க, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தச் சேலைகளுக்கு நெருக்கடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை வேறு. தறிக்குழியில் ஈரம் கசியும், தெருவில் பாவு நீட்டிப் போட வெயில் இருக்காது, ஈரக்காற்றில் பட்டு இழை சொன்னபடி கேட்காது. வந்தவாசிப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய ஊரில், ஆரணிப் பட்டு என்ற பெயரோடு கடைக்குப் போகும் சேலைகளை நெய்கிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைப்பது அப்போதுதான். 2023ல் ஒரு குடும்பம் காசிக்குப் போக முடிவு செய்தபோது கார்த்திகையைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

பயணத்துக்குத் திட்டம் போட்டவர் அந்த வீட்டு மகன். தறியில் உட்காராமல் கணக்கு எழுதப் போனவர். அப்பாவுக்கு ஆயுளில் பெரும்பகுதி குழித்தறியில் மிதிபலகை மிதித்தே கழிந்திருந்தது, முழங்கால் தேய்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பாடு இறங்கியாக வேண்டும். இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் அவர் மற்றதை எழுத ஆரம்பித்தார். தங்கும் இடம், வாடகை, ரயில், சாப்பாடு எல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குக் கீழேதான் வந்தன. குறைந்த செலவில் தங்குவதற்குத் திட்டமிடுகிற எல்லோருக்கும் அவர் இன்றுவரை சொல்வது அந்த வரிசையைத்தான்: முதலில் போகிறவர்களின் உடம்பு, பிறகு பணம்.

அப்பாவுக்கு இந்த நோட்டே அநாவசியமாகப் பட்டது. “காசியில மடம் இருக்குது, சத்திரம் இருக்குது. போய் நின்னா எடம் குடுக்க மாட்டாங்களா? எதுக்குடா ரூமுக்கு அலையற?” என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருந்தது. ரயில் இல்லாத காலத்தில் காசிக்குப் போகிறவர்களின் முதல் கவலையே இரவு எங்கே தலை சாய்ப்பது என்பதுதான். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். வழிநெடுகத் தெலுங்கில் நாட்குறிப்பு எழுதினார். எந்த ஊரில் சத்திரம் இருக்கிறது, எங்கே நல்ல தண்ணீர், எங்கே கடை உண்டு என்று அடுத்து வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் அவை. செட்டிநாட்டு நகரத்தாரும் 19ஆம் நூற்றாண்டில் காசியில் சத்திரம் தொடங்கினார்கள். அங்கிருந்து விசுவநாதர் கோயில் பூசைக்கான பாலும் பூவும் வில்வமும் “சம்போ, சம்போ” என்ற முழக்கத்தோடு தினமும் போகின்றன. அதற்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டில், தெற்கேயிருந்து போன குமரகுருபரர் கேதார் கட்டத்தில் மடம் நிறுவினார். குமாரசாமி மடம் என்று இன்றும் அது இருக்கிறது. திருப்பனந்தாள் காசி மடத்தின் வேர் அங்கேதான். காசியில் ஓர் ஏழைத் தமிழருக்கு இன்று குறைந்த காசில் பாயும் கூரையும் கிடைக்கிறதென்றால், முகம் தெரியாத யாரோ என்றோ எழுதிவைத்த நிலமும் கொடுத்த பணமும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. விடுதி வாடகையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனால் போய் நின்றால் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வயதானவர்களை இரண்டு இரவு ரயிலில் கூட்டிப் போக முடியாது. சத்திரங்களும் மடங்களும் முன்கூட்டி எழுதிக் கேட்கிறவர்களுக்கும் தங்கள் சமூகத்தாருக்கும் அடியவர்களுக்கும் முதலில் இடம் தருவது இயல்பு. மகன் இரண்டு வழியையும் திறந்து வைத்துக்கொண்டார்: சத்திரங்களிலும் கேட்பது, சிறு விடுதிகளையும் பார்ப்பது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய கணக்குப்பிள்ளை மூளை நன்றாக வேலை செய்தது. காசியில் அறை வாடகை மாதத்துக்கு மாதம் மாறும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அறை மலிவு, ஆனால் பகலில் வெளியே நடக்க முடியாது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கங்கை ஏறும். அபாய அளவு 71.26 மீட்டர், அதை நெருங்கும்போது படித்துறைகள் தண்ணீருக்குள் போய்விடும், படகுகளை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி. வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மிஞ்சுவது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. அதிலும் நடுவில் தேவ தீபாவளி வருகிறது. கார்த்திகைப் பௌர்ணமியன்று காசியின் படித்துறை முழுக்க அகல் ஏற்றும் அந்தத் திருநாளுக்கு வாடகை பல மடங்கு ஏறும். ஆற்றைப் பார்த்த அறை எளியவர்களுக்கு எட்டவே எட்டாது.

திருவண்ணாமலை தீபம் பார்க்காமல் அப்பா ஊரை விட்டு நகர மாட்டார். 2023ல் அண்ணாமலை தீபமும் காசியின் தேவ தீபாவளியும் நவம்பர் கடைசி வாரத்தில் அடுத்தடுத்து வந்தன. தீபம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் காசிக்குப் போய்ச் சேரும்போது அங்கே திருவிழாக் கூட்டம் கலைந்திருக்கும், பனி இன்னும் இறங்கியிருக்காது. இரண்டாவது காசி தமிழ்ச் சங்கமம் டிசம்பர் 17ல்தான் தொடங்கியது. அந்த விழாக் கூட்டத்துக்கு முன்னால் திரும்பிவிடலாம். பல திருநாட்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியைக் கண்டுபிடித்ததில் அவர் மிச்சம் பிடித்த பணம், வாடகையில் பேரம் பேசிக் குறைத்ததைவிட அதிகம்.

அடுத்தது எந்தப் பகுதியில் தங்குவது. கேன்ட் என்று சொல்லப்படும் வாராணசி சந்திப்புக்கு எதிரே மலிவான விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலா வண்டிகளில் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறார்கள். ஆனால் அங்கிருந்து கோதௌலியா முனைக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். காலை ஸ்நானத்துக்கு ஒரு தடவை, சாயங்கால ஆரத்திக்கு ஒரு தடவை என்று போய்வந்தால், அறையில் மிச்சம் பிடித்தது அத்தனையும் ஆட்டோவுக்குப் போய்விடும். கோதௌலியாவோடு வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் கூட்டத்தில் நடைதான். கேன்ட் நிலையத்தையும் கோதௌலியாவையும் இணைக்கும் ரோப்வேக்கு 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. இவர்கள் போனபோது அது கட்டுமான நிலையில் இருந்தது.

கோயிலுக்கு அருகிலேயே தங்கலாமே என்றால், அங்கே வேறு சிக்கல். 2021 டிசம்பர் 13ல் விசுவநாதர் வளாகம் விரிவாக்கப்பட்டுத் திறந்த பிறகு அந்தச் சந்துகளில் நெரிசல் இன்னும் கூடிவிட்டது. பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். நாலு மாடி, ஐந்து மாடி, குறுகலான செங்குத்துப் படி, லிப்ட் கிடையாது. மலிவான அறை எப்போதும் உச்சி மாடியில் இருக்கும். முழங்கால் தேய்ந்தவருக்கு மலிவு அறை அங்கே எட்டாக்கனி.

ஆகவே தெற்கே இறங்கினார். கேதார் கட்டம், அரிச்சந்திரக் கட்டம், அனுமான் கட்டம். தமிழும் தெலுங்கும் காதில் விழுகிற பகுதி இது. சோனார்புரா சாலையில் வண்டி வரும். அங்கிருந்து சந்துக்குள் சிறிது தூரம் நடந்தால் போதும். குமாரசாமி மடமும் கேதாரேசுவரர் கோயிலும் பக்கத்திலேயே. இட்லி கிடைக்கும். அம்மாவின் சாப்பாட்டு நேரத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

தொலைபேசியில் விசாரிப்பதற்கு ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். படம் பார்த்து அறை பிடிக்கிற காலத்தில் படத்தில் வராதவை எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி? வாசலிலிருந்து அறைக்கு எத்தனை? கழிப்பறை இந்திய முறையா, உட்கார்ந்து எழும் முறையா? வெந்நீர் குழாயில் வருமா, பக்கெட்டில் கொண்டுவந்து கொடுப்பார்களா? நம் பக்கத்துச் சிறு லாட்ஜுகளில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. காசியில் பெரும்பாலும் நண்பகல் கணக்கு. காலை ஐந்து மணிக்குப் போய் இறங்கினால் அறை திறக்கிற வரை வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள்? ஜன்னலுக்கும் மாடிக்கும் கம்பிவலை இருக்கிறதா? காசியில் குரங்கு நடமாட்டம் அதிகம். காயப்போட்ட வேட்டி திரும்பி வராது.

ஒரு விடுதிக்காரர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, கடைசியில் தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறது, ஆனால் அதிலிருந்து கங்கை தெரியாது, அதனால் யாரும் கேட்பதில்லை என்றார். மகன் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். கங்கையைப் பார்க்க அறைக்குள் உட்கார வேண்டியதில்லை. பத்தடி எடுத்து வைத்தால் படித்துறை. காட்சிக்காக வாடகையில் சேர்கிற பணம் பலருக்கு வீண் செலவு என்று அவர் இன்றும் சொல்வார்.

வரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 18க்கு முன்னால், நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம் வந்தது. 900 ரூபாய் அறை 1,008 ரூபாய் ஆனது. எளியவர்கள் தங்கும் அறைக்கு வரி போட்டது நியாயமாகப் படவில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். அந்த வருத்தம் சரியானதுதான். மத அறக்கட்டளைகள் நடத்தும் சத்திர அறைகளுக்கு மட்டும், ஆயிரத்துக்குள் இருந்தால், விலக்கு தொடர்ந்தது. பேசிய வாடகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டதால் கடைசி நாளில் வாக்குவாதம் வரவில்லை.

ரயிலுக்கு அப்போது 120 நாள் முன்பே பதிவு செய்யலாம். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோயிருந்தது. அது குடும்பக் கணக்கில் பெரிய ஓட்டை. சென்னையிலிருந்து காசி வழியாகச் சாப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. அம்மா வந்தவாசிக் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மெத்தையில் அப்பாவுக்குத் தூக்கம் வராது. “தரையில பாய் விரிச்சா போதும், கட்டில நீயே வெச்சுக்க” என்று அப்பா மகனிடம் சொன்னது போலவே நடந்தது. மூன்று பேருக்கு இரண்டு கட்டில் அறை போதுமானதாகிவிட்டது.

போய் இறங்கிய விடியற்காலையில் விடுதிக்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தார். முந்தின இரவுக்கும் சேர்த்துப் பாதி வாடகை பேசியிருந்தது. கேதார் கட்டத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைப் படிகளில் அப்பா ஒரு பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. சுற்றுலாக் கூட்டத்தோடு போயிருந்தால் அவருக்கு அந்த நேரம் கிடைத்திருக்காது. அடுத்து வருகிறவர் அவசரப்படுத்தாமல் ஒரு மனிதர் தன் வேகத்தில் கங்கையில் இறங்குவதற்குத்தான் இத்தனை திட்டமும்.

பிறகு நாட்கள் தானாக ஒழுங்குக்கு வந்தன. காலையில் ஸ்நானம், இட்லி, விசுவநாதர், மதியம் அறையில் தூக்கம். ஒரு மாலையில் அனுமான் கட்டத்துக்கு நடந்தார்கள். 1898க்குப் பிறகு சில ஆண்டுகள் சுப்பிரமணிய பாரதி தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் அங்கே இருக்கிறது. சிவமடம் என்று பெயர். அந்த வீட்டின் ஒரு பகுதியைச் சீரமைத்துத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 11ல் நினைவிடமாகத் திறந்திருந்தது. அம்மா உள்ளே போய்ச் சிலையைப் பார்த்துவிட்டு, தகப்பனை இழந்த பிள்ளையை இவ்வளவு தூரத்தில் வைத்து வளர்த்த அந்த அத்தையைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த அறையை அங்கே எடுத்ததன் முழுப் பலனும் மதன்புராவில் தெரிந்தது. காசி நெசவாளர் பகுதிகளில் ஒன்று அது. கேதார் கட்டத்திலிருந்து நடந்தே போகலாம். ஸ்டேஷன் பக்கம் தங்கியிருந்தால் அப்பா அங்கே போயிருக்கவே மாட்டார். சந்துக்குள் விசைத்தறிச் சத்தம்தான் முதலில் வந்தது. அதைக் கடந்து ஒரு வீட்டிலிருந்து கைத்தறியின் தட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா நின்றார். வாசலில் இருந்த பெரியவர் ஏதோ கேட்டார். மகனின் அரைகுறை இந்தியில் “பட்டு”, “ஆரணி”, “தறி” என்று பதில் போனது. உள்ளே கூப்பிட்டார்கள்.

குழித்தறி. மேலே ஜக்கார்டு. அட்டைகள் தொங்கின. அப்பா குழியின் விளிம்பில் உட்கார்ந்து பாவைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், நெய்திருந்த துணியை மெல்லத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். காசி நெசவில் கடுவா என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு புட்டாவுக்கும், அதாவது பூவுக்கும், தனித்தனிச் சிறு தாரில் ஜரிகை விட்டு, பூ முடிகிற இடத்திலேயே இழையைத் திருப்பிவிடுவார்கள். அதனால் பின்பக்கம் இழை தொங்காது, வெட்ட வேண்டியதும் இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும், கூலியும் அதிகம். “பாருடா, பின்னால ஒரு இழை தொங்கல” என்றார் அப்பா. பிறகு தன் தோள் துண்டின் கரையைக் காட்டி, கோர்வைக் கரைக்கு நம் பக்கம் எப்படி இரண்டு ஆள் உட்கார்ந்து தனி நாடா விடுகிறோம் என்று கையாலேயே செய்து காட்டினார். அந்தப் பெரியவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நூல் பெங்களூரிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்பது வரை இரண்டு வீட்டுக்கும் ஒரே கதை. பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை என்பதும். தேநீர் வந்தது. மறுநாளும் வரச் சொன்னார்கள்.

மறுநாள் போக முடிந்ததற்குக் காரணம் ஒரு புயல். மிக்ஜாம் புயலால் டிசம்பர் 4 அன்று சென்னை வெள்ளத்தில் நின்றது. 5ஆம் தேதி அது ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்ட்ரலுக்கு வரும், புறப்படும் ரயில்கள் பல ரத்தாயின. இவர்கள் திரும்ப வேண்டிய ரயிலும் அதில் ஒன்று. ஊருக்குப் போன் போட்டபோது சித்தப்பா குழியில் தண்ணீர் ஊறவில்லை, மழைதான் விடவில்லை என்றார். திருவிழா நாளாக இருந்திருந்தால் அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். கூட்டமில்லாத வாரம் என்பதால் விடுதிக்காரர் அதே வாடகைக்கு இருக்கச் சொன்னார். நோட்டின் கடைசியில் “எதிர்பாராதது” என்று ஒரு வரி எழுதி அதற்கென்று பணம் ஒதுக்கி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. அதில் ஒரு பங்கில் சாரநாத்தும் பார்த்தார்கள்; புத்தர் முதல் உபதேசம் செய்த இடம், காசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

திரும்பும் வழியை மகன் மாற்றினார். காசியிலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டரில், கங்கைக்கு அக்கரையில், முன்பு மொகல்சராய் என்று இருந்து 2018ல் பெயர் மாறிய தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு இருக்கிறது. பாட்னாவை அடுத்த தானாப்பூரிலிருந்து பெங்களூரு போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் தினமும் அங்கே நிற்கும்; பெரம்பூர் தொட்டு காட்பாடி வரும். தட்கலில் இடம் கிடைத்தது. காட்பாடியில் இறங்கினால் வேலூர், ஆரணி வழியாக பஸ்ஸில் வந்துவிடலாம். வெள்ளம் வடிந்துகொண்டிருந்த சென்னைக்குள் மூட்டையோடு போய் அலைய வேண்டாம். தேசூர், சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்துக்காரர்களுக்குக் காசி போகச் சென்னையைவிடக் காட்பாடிதான் வசதி என்று இப்போது அவர் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

அந்த நோட்டு ஊரில் பல வீடு சுற்றிவிட்டது. சில பக்கங்களை அவர் திருத்தியும் வைத்திருக்கிறார். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அறை வரி 5 சதவீதம்; அதே 900 ரூபாய் அறைக்கு வரியாக 45 ரூபாய் கொடுத்தால் போதும். நகரத்தார் சத்திரம் சிக்ரா பகுதியில் 10 மாடி, 140 அறைகளோடு புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது; 2025 அக்டோபர் 31ல் குடியரசுத் துணைத் தலைவர் சி.பி. இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். சிக்ரா ஆற்றங்கரையில் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. ஆனால் லிப்ட் இருந்தால் முழங்கால்காரர்களுக்கு அதுவும் நல்லதுதான் என்று ஓரத்தில் எழுதி, விசாரிக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அடுத்த கார்த்திகைக்கு அத்தை வீட்டார் கிளம்புகிறார்கள். அத்தைக்கு மாடி ஏற முடியும், மாமாவுக்கும் காலில் தொந்தரவு இல்லை. ஆனால் கயாவில் சிராத்தம் செய்ய வேண்டும். கயாவுக்குப் போகும் ரயில் விடியற்காலையில். ஆகவே கடைசி இரவுக்கு மட்டும் கேன்ட் நிலையத்து ஓய்வறையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பி.என்.ஆர். எண் இருந்தால் ஐஆர்சிடிசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். அத்தை கேட்ட ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது: அனுமான் கட்டத்தில் காலை ஏழு மணிக்கே இட்லி கிடைக்கும்.